சேற்றில் இறங்கி வந்த வண்டிக்கு கிளட்ச் பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

"அண்ணா, கியரே விழ மாட்டேங்குதுண்ணா. பிளேட் போச்சுன்னு சொல்றாங்க. செட்டையே மாத்திடலாமா?"

மழைக்காலம் முடிகிற சமயத்தில் சென்னை மாதவரத்தில் எங்கள் ஷெட்டுக்கு வருகிறவர்கள் இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கிறார்கள். இதைக் கேட்ட தம்பி ஒரு ஜிப்சி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை எண்ணூர் தாண்டி காட்டுப்பள்ளிப் பக்கம் சேற்றில் ஓட்டினார். வீட்டுக்கு வந்ததும் மேலோட்டமாகத் தண்ணீர் அடித்து நிறுத்திவிட்டார். சனிக்கிழமை எடுக்கப் போனால் எந்தக் கியரும் விழவில்லை. அவருடைய பிளேட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆறு நாள் ஈரத்தில் நின்றதால் உப்புத் துரு பிடித்து, எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். இருபது நிமிடத்தில் பிரிந்தது. ஒரு பாகம்கூட வாங்கவில்லை.

சேற்றுக்குப் பிறகு வரும் கிளட்ச் கோளாறுகளில் பல கியர் பாக்ஸை இறக்காமலே சரியாகிவிடும். எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது என்ற வரிசை தெரியாததால்தான் காசு போகிறது. தார், ஜிப்சி, கூர்க்கா, ஃபோர் வீல் டிரைவ் பொலேரோ மாதிரி கையால் கியர் போடும், உலர் ஒற்றைப் பிளேட் கிளட்ச் உள்ள வண்டிகளுக்கு இந்த வரிசை பொருந்தும். ஆட்டோமேட்டிக் வண்டிக்குப் பொருந்தாது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வண்டியின் சர்வீஸ் மேனுவல் முதலில். பெடல் ஃப்ரீ பிளே (கனம் தெரியும் முன் பெடல் லேசாகப் போகும் தூரம்) எவ்வளவு, போல்ட்டுக்கு எவ்வளவு டார்க் (இறுக்கும் விசை), பிளேட் எதுவரை தேயலாம் என்பதெல்லாம் வண்டிக்கு வண்டி மாறும். யாரோ சொன்ன அளவை வைத்து வேலை செய்யாதீர்கள்.

ஜாக்கி மட்டும் போதாது, ஆக்சில் ஸ்டாண்ட் நான்கு வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது. சேறு பிடித்த தரையில் ஜாக்கி வழுக்கும். சக்கரத்துக்கு முட்டுக்கட்டையும் வையுங்கள்.

அப்புறம் ஸ்பேனர் செட், பைப் நட்டுக்கான ஸ்பேனர், வண்டியின் ஆயில் டப்பா மூடியில் எழுதியுள்ளபடி டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் ஆயில் சீல் உடைக்காத டப்பாவில், ஒரு மீட்டர் தெளிவான பிளாஸ்டிக் டியூப், காலி பாட்டில், டார்ச், வேஸ்ட் துணி, மூங்கில் குச்சி, வளையாத கம்பி. பெடல் அழுத்த ஓர் ஆள் கட்டாயம். தனியாகச் செய்தால் பாதிச் சோதனைகளைச் செய்யவே முடியாது.

முகக்கவசம் போடுங்கள். கிளட்ச் பிளேட்டிலிருந்து உதிரும் தூசு நுரையீரலுக்குக் கெடுதல். பழைய பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காய்ந்த தூசை ஏர் வைத்து ஊதக் கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

2. சேற்றிலிருந்து ஏறியதும், முதல் அரை மணி நேரம்

கருகின வாசனை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கிளட்ச் கொதிக்கிறது என்று அர்த்தம். உடனே எஞ்சினை நிறுத்த வேண்டாம். நியூட்ரலில், பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் ஐடிலில் ஓட விடுங்கள். அப்போது பிளேட், அதை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், ஃப்ளைவீல் மூன்றும் ஒன்றாகச் சுற்றும். உரசல் இருக்காது, காற்று ஓடி சூடு இறங்கும். பெடலை மிதித்துக்கொண்டே நின்றால் அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் வீணாகச் சுற்றும்.

கொதிக்கும் கிளட்சோடு மறுபடி தண்ணீரில் இறங்காதீர்கள். சூடான வார்ப்பிரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெடிப்பு விழும்.

வாசனை இல்லை, ஆனால் லேசாக ஸ்லிப் அடிக்கிறது (கிளட்ச் சரியாகப் பிடிக்காமல் வழுக்குகிறது) என்றால் பதறாதீர்கள். பிளேட் நனைந்திருக்கிறது. சமதளத்தில் முதல் கியர், இரண்டாம் கியர் போட்டுச் சாதாரணமாக நாலைந்து முறை எடுத்து நிறுத்தினாலே காய்ந்துவிடும். காயாமல் ஸ்லிப் தொடர்ந்தால்தான் அடுத்த வேலை.

புதிதாக வருகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, வண்டியை ஈரத்தோடு நிறுத்திவிட்டு ஒரு வாரம் மறந்துவிடுவது. சேற்றில் ஓடி வந்த அன்றும் அடுத்த நாளும் ஐந்தாறு கிலோமீட்டர் காய்ந்த சாலையில் ஓட்டுங்கள். இந்த ஒரு பழக்கம் போதும், அந்த ஜிப்சிக்கு வந்த நிலை உங்கள் வண்டிக்கு வராது.

3. கழுவுவது: எந்தத் தண்ணீர், எந்தப் பக்கம்

நம் பக்கத்துச் சேறு செங்கல்பட்டு ஏரிக்கரைச் சேறு மாதிரி கிடையாது. கொசஸ்தலை முகத்துவாரம், பக்கிங்காம் கால்வாய் ஓரம், எண்ணூர்க் கழிமுகம் எல்லாம் உப்புச் சேறு. சில இடங்களில் அனல் மின் நிலையச் சாம்பலும் கலந்திருக்கும். அந்தச் சாம்பல் கோலமாவை விட நைசு. விரலில் தேய்த்தால் மாவு மாதிரி இருக்கும், நகத்தில் உரசினால் மெல்லிய நறநறப்பு தெரியும். கிழிந்த ரப்பர் பூட் (உறை) வழியாக அது உள்ளே போனால் பிளேட்டுக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவில் உப்புத்தாள் வேலை செய்யும். உப்போ தன் பங்குக்குத் துருவைக் கொண்டு வரும்.

இன்னொன்று, திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீரே உப்பு. மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரில் கடல் நீர் ஏறிப் பல வருடமாகிறது. உப்புச் சேற்றை உப்புத் தண்ணீரால் கழுவினால் சேறு போகும், உப்பு அங்கேயே இருக்கும். சேற்றை இறக்கப் போர் தண்ணீர் பரவாயில்லை. கடைசி அலசல் மட்டும் மெட்ரோ வாட்டரில் (குடிநீர் வாரியத் தண்ணீரில்) செய்யுங்கள். அடிப்பக்கத்துக்கு நாலைந்து பக்கெட் போதும்.

சேறு காய்வதற்குள் கழுவ வேண்டும். காய்ந்துவிட்டால் முதலில் ஊற வைத்து, பிறகு கழுவுங்கள்.

வாட்டர் சர்வீஸில் விட்டால் பக்கத்திலேயே நில்லுங்கள். அங்கே இரண்டு விஷயம் நடக்கும். முதலாவது, பிரஷர் கன்னை பெல் ஹவுசிங் (கிளட்சை மூடியிருக்கும் கூடு) மேல் நேராகக் காட்டுவார்கள். வெளியே இருந்த சேறு, ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க் நீட்டியிருக்கும் ஜன்னல் வழியாக உள்ளே போய்விடும். பெல் ஹவுசிங் பக்கத்தில் சாதாரணக் குழாய்த் தண்ணீர் போதும் என்று சொல்லுங்கள். இரண்டாவது, கழுவி முடித்ததும் துரு பிடிக்காமல் இருக்க அடியில் டீசலோ பழைய ஆயிலோ ஸ்ப்ரே அடிப்பார்கள். ஒரு சொட்டு பிளேட்டில் பட்டாலும் ஸ்லிப் அடிக்கும். எண்ணெய் குடித்த பிளேட்டைக் கழுவிக் காப்பாற்ற முடியாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எண்ணெய் கலந்த வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் இதை நேரில் பார்த்தோம். தண்ணீர் மட்டும் புகுந்த கிளட்சுகள் காய்ந்து பிழைத்தன. எண்ணெய் ஏறியவற்றுக்கு பிளேட்டையே மாற்ற வேண்டியிருந்தது.

பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு சின்ன வடிகால் ஓட்டை இருக்கும். கம்பியை விட்டு அதைத் திறந்துவிடுங்கள். பெரும்பாலும் சேறு அடைத்திருக்கும், திறந்ததும் கலங்கல் தண்ணீர் ஒழுகும். அது வடிகிற வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

4. ஸ்லிப்பா, விடவில்லையா: முதலில் இதைப் பிரியுங்கள்

"கிளட்ச் போச்சு" என்று சொன்னால் எனக்கு ஒன்றும் புரியாது. நேர் எதிரான இரண்டு கோளாறுகளுக்கும் மக்கள் அதையேதான் சொல்கிறார்கள். ஒன்று, கிளட்ச் சரியாகப் பிடிக்கவில்லை, அதாவது ஸ்லிப். மற்றது, கிளட்ச் சரியாக விடவில்லை, அதனால் கியர் விழவில்லை. இரண்டுக்கும் காரணம் வேறு, பார்க்க வேண்டிய இடம் வேறு.

ஸ்லிப் சோதனை: விடியற்காலையில் ஆளில்லாத சமமான சாலையில் மூன்றாம் கியரில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போய், ஆக்சிலேட்டரை முழுதாக மிதியுங்கள். ஆர்பிஎம் எகிறி, வேகம் மெதுவாக ஏறினால் ஸ்லிப். ஒரு முறை செய்தால் போதும். சந்தேகம் தீர நாலு முறை செய்து பார்த்து, இருந்த பிளேட்டையும் கருக்கினவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விடாத சோதனை: எஞ்சின் நின்றிருக்கும்போது எல்லாக் கியரும் போட்டுப் பாருங்கள். சுலபமாக விழ வேண்டும். பிறகு ஸ்டார்ட் செய்து, பெடலை முழுதாக மிதித்து, ஐந்து நொடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். கறகறவென்று சத்தம் வந்தால் கிளட்ச் விடவில்லை. காத்திருப்பதற்குக் காரணம் உண்டு. கிளட்ச் சரியாக விட்டிருந்தால் அந்த ஐந்து நொடியில் உள்ளே சுற்றும் ஷாஃப்ட் நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் பிளேட் இன்னும் எஞ்சினோடு சேர்ந்து சுற்றுகிறது. எஞ்சின் நின்றிருக்கும்போதே கியர் விழவில்லை என்றால் அது கிளட்ச் கோளாறு கிடையாது. கியர் லிவர், லிங்கேஜ், கியர் பாக்ஸ் பக்கம் பாருங்கள்.

சத்தமும் வழி காட்டும். பெடலை மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். காலை எடுத்ததும் நியூட்ரலில் சத்தம் வந்து, மிதித்ததும் நின்றால் கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் பேரிங். வண்டி எடுக்கும்போது உதறினால் ஃப்ளைவீல் முகத்தில் துருவோ சேறோ இருக்கலாம், எஞ்சின் மவுண்ட் கிழிந்தும் இருக்கலாம். மவுண்டை முதலில் பாருங்கள், பார்க்க ஐந்து நிமிடம்தான் ஆகும்.

5. பெடலில் தொடங்கி வெளிப்பக்கம்

வண்டிக்குள்ளேயே தொடங்குங்கள். பெடலுக்கு அடியில் மேட் மடிந்திருக்கிறதா, பெடலின் மேல் பக்க மூட்டில் சேறு காய்ந்திருக்கிறதா? சிரிக்க வேண்டாம், சேற்று ஷூவோடு ஏறி இறங்கிய வண்டியில் மேட்டுக்கு அடியில் ஒரு விரல்கடை அளவு களிமண் இருந்து, பெடல் கடைசி வரை போகாமல் தடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ஃப்ரீ பிளே. பெடலை விரலால் அழுத்துங்கள். கனம் தெரியத் தொடங்கும் வரை லேசாகப் போகும் தூரம்தான் அது. மேனுவல் அளவோடு ஒப்பிடுங்கள். துளிகூட இல்லை என்றால் கிளட்ச் எப்போதும் பாதி மிதித்தபடியே இருக்கிறது, ஸ்லிப் அடிக்கும். அளவுக்கு மேல் இருந்தால் முழுதாக விடாது.

ஜிப்சி மாதிரி கேபிள் உள்ள வண்டியில் பிளேட் தேயத் தேய ஃப்ரீ பிளே குறையும். சேற்றில் ஒரு நாள் அரைத்து ஓட்டினால் ஆறு மாதத் தேய்மானம் ஒரே நாளில் வந்துவிடும். அதனால் முதலில் கேபிள் முனையில் உள்ள நட்டைத் தளர்த்தி அட்ஜஸ்ட் செய்து பாருங்கள். ஸ்லிப் அதோடு நின்றால் வேலை முடிந்தது. கேபிளைக் கழற்றி கையால் இழுத்துப் பாருங்கள். நடுவில் சிக்கினாலோ மணல் உரசும் உணர்வு வந்தாலோ புதுக் கேபிள் போடுங்கள். உள்ளே பிளாஸ்டிக் உறை உள்ள கேபிளில் ஆயில் ஊற்றுவது வேண்டாம். சேறு அதில் பசையாகிவிடும்.

ஹைட்ராலிக் வண்டியில், அதாவது கேபிளுக்குப் பதில் பிரேக் ஆயில் அழுத்தத்தால் கிளட்ச் வேலை செய்யும் வண்டியில், பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரின் ஆயில் டப்பாவைத் திறந்து பாருங்கள். திறக்கும் முன் மூடியைச் சுற்றித் துடையுங்கள், ஒரு மணல் உள்ளே விழுந்தாலும் சீலைக் கிழிக்கும். சில வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பா, அதில் கிளட்ச் பைப் மேலிருந்து பிரியும். அளவு கொஞ்சம் இறங்கினாலே கிளட்ச் போகும், பிரேக் வேலை செய்யும். ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கறுத்திருந்தால் பழசு. இரண்டுக்கும் முழுதாக மாற்ற வேண்டும்.

பிறகு கீழே படுத்து, ஃபோர்க்கைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரைப் பாருங்கள். ரப்பர் பூட்டை மெல்ல நகர்த்துங்கள். உள்ளே ஈரமாக ஆயில் இருந்தால் சீல் போய்விட்டது. சேறு இருந்தால் பிஸ்டன் ஓடும் சுவரில் கோடு விழுந்திருக்க வாய்ப்பு அதிகம். சீல் கிட் மட்டும் போட்டுச் சமாளிப்பதை விட சிலிண்டரையே மாற்றுவது நல்லது என்பது என் அனுபவம். கோடு விழுந்த சுவரில் புது சீல் சீக்கிரமே கிழியும். உங்கள் வண்டியில் ஸ்லேவ் சிலிண்டர் பெல் ஹவுசிங்குக்கு உள்ளேயே இருந்தால், அடியில் வடிகால் ஓட்டையிலிருந்து பிரேக் ஆயில் சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டினால் கியர் பாக்ஸை இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

6. ஏர் எடுப்பது

பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால், இரண்டு மூன்று முறை மிதித்தால் கியர் விழுகிறது என்றால், பைப்பில் காற்று இருக்கிறது. ஸ்லேவ் சிலிண்டர் நிப்பிளில் (காற்றை வெளியேற்றத் திறக்கும் திருகு) டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலில் மூழ்க விடுங்கள்.

உள்ளே இருப்பவருக்கு மூன்று சொல் சொல்லிக் கொடுங்கள். "அமுக்கு" என்றால் மெதுவாக மிதித்துப் பிடிக்க வேண்டும். நீங்கள் நிப்பிளைத் திறப்பீர்கள், குமிழ் வரும், பெடல் இறங்கும். "பிடி" என்றால் அப்படியே வைத்திருக்க வேண்டும், நீங்கள் மூடுவீர்கள். "விடு" என்றால்தான் காலை எடுக்க வேண்டும். நிப்பிளை மூடும் முன் காலை எடுத்தால் வெளிக்காற்று உள்ளே போய்விடும், மறுபடி முதலிலிருந்து. இதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள்.

ஐந்து முறைக்கு ஒரு தடவை டப்பாவை நிரப்புங்கள். காலியானால் மேலிருந்து காற்று இறங்கும். குமிழ் நின்று, புது ஆயிலின் நிறம் டியூபில் வந்ததும் நிறுத்துங்கள். ஏற்கெனவே திறந்து வைத்திருந்த டப்பாவிலிருந்து ஊற்ற வேண்டாம், டாட் ஆயில் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கடற்கரைக் காற்றில் இன்னும் அதிகம். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். எஞ்சின் ஆயிலை எக்காரணத்துக்கும் இதில் ஊற்றக் கூடாது, ரப்பர் சீல்கள் உப்பி எல்லாமே போய்விடும்.

7. ஃபோர்க் ஜன்னல்

அதிகம் பேர் பார்க்காமல் விடும் இடம் இதுதான். பெல் ஹவுசிங் பக்கவாட்டில் ரிலீஸ் ஃபோர்க் வெளியே நீட்டும் ஜன்னலும், அதை மூடும் ரப்பர் பூட்டும் இருக்கும். பூட் கிழிந்தால் சேறு ஃபோர்க்குக்கும் ஜன்னல் ஓரத்துக்கும் நடுவில் போய் அடைத்துக் காய்ந்துவிடும்.

போன மழைக்கு ஒரு தார் ஸ்லிப் என்று வந்தது. இரண்டு இடத்தில் செட் மாற்ற விலை கேட்டுவிட்டு வந்திருந்தார்கள். டார்ச் அடித்துப் பார்த்தேன். ஃபோர்க்குக்குப் பின்னால் சாம்பல் நிறக் களிமண் செங்கல் மாதிரி இறுகியிருந்தது. மூங்கில் குச்சியால் சுரண்டினால் பொரிவிளங்காய் உருண்டை மாதிரி உடைந்து விழுந்தது. ஃபோர்க் பின்னால் வர இடமில்லாமல் கிளட்ச் நாள் முழுக்கப் பாதி மிதித்த நிலையில் இருந்திருக்கிறது. சுத்தம் செய்து புது பூட் போட்டதும் ஸ்லிப் நின்றது. இன்னும் ஒரு வாரம் அப்படியே ஓட்டியிருந்தால் பிளேட்டும் பேரிங்கும் நிஜமாகவே போயிருக்கும்.

சுரண்டும்போது குப்பை வெளியே விழும்படி சுரண்டுங்கள், உள்ளே தள்ளாதீர்கள். ஸ்க்ரூ டிரைவரை விட மூங்கில் குச்சி நல்லது, பேரிங் சீலைக் கிழிக்காது. பிறகு ஒருவர் பெடலை மிதிக்க, ஃபோர்க் முழுதாகப் போய்த் தடையில்லாமல் திரும்புகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

உள்ளே சேறு தெரிந்தால், பெல் ஹவுசிங்கில் உள்ளே பார்ப்பதற்கான மூடி இருக்கும் வண்டியில் அதைக் கழற்றி, எஞ்சின் நின்ற நிலையில், ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்திருக்க, நல்ல தண்ணீரைக் குழாயில் மெதுவாக விட்டு அலசலாம். மிதித்தால்தான் பிளேட்டின் இரு பக்கமும் இடைவெளி திறக்கும். வடிகால் ஓட்டை திறந்திருக்க வேண்டும். தெளிந்த தண்ணீர் வந்ததும் ஒரு மணி நேரம் வடிய விட்டு, ஐடிலில் ஓட்டி, பிறகு மெதுவாக வண்டியை எடுத்துக் காய வையுங்கள். மண்ணெண்ணெய், டீசல், டபிள்யூடி-40 எதுவும் உள்ளே போகக் கூடாது. துருவை இளக்குவதற்கென்று டபிள்யூடி-40 அடித்த பிளேட்டை மாற்றத்தான் முடியும்.

8. ஒட்டிக்கொண்ட பிளேட்டைப் பிரிப்பது

பெடல் கனம் சரியாக இருக்கிறது, ஃபோர்க் நன்றாக அசைகிறது, எஞ்சின் ஓடும்போது மட்டும் கியர் விழவில்லை, வண்டி பல நாள் ஈரத்தில் நின்றது. இந்த நான்கும் சேர்ந்தால் பிளேட் துருவில் ஒட்டியிருக்கிறது.

எஞ்சினை நியூட்ரலில் பதினைந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி நிறுத்துங்கள். சக்கரத்துக்கு முட்டு, ஹேண்ட் பிரேக் முழுதாக, முன்னால் ஆளில்லாத இடம். டாப் கியரைப் போட்டு, கிளட்சையும் ஃபுட் பிரேக்கையும் அழுத்தி மிதித்து, சாவியை ஒரு நொடி மட்டும் திருப்பி விடுங்கள். எஞ்சின் சுற்றப் பார்க்கும், சக்கரம் விடாது, அந்த உதறலில் ஒட்டு பிரியும். டாப் கியர் ஏன் என்றால், அதில் சக்கரத்துக்கு வரும் விசை குறைவு, பிரேக்கால் பிடித்து நிறுத்த முடியும். முதல் கியரில் இதைச் செய்தால் வண்டி பாயும். மூன்று முறைக்கு மேல் வேண்டாம், ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விடும்.

பிரியவில்லை என்றால் அடுத்த வழி, பெரிய காலி மைதானத்தில் மட்டும். இரண்டாம் கியரில் போட்டே ஸ்டார்ட் செய்து, வண்டி ஓடத் தொடங்கியதும் கிளட்சை முழுதாக மிதித்தபடி ஆக்சிலேட்டரைக் கொடுத்து விட்டு, கொடுத்து விட்டு உதறுங்கள். பிரிந்ததும் எஞ்சின் சத்தம் தனியே எகிறும், வண்டி தளரும். உடனே பிரேக். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் எண்ணூர் விரைவுச் சாலையிலோ தெருவிலோ இதைச் செய்யாதீர்கள். பிரியும் வரை கிளட்சை மிதித்தாலும் எஞ்சின் வண்டியைத் தள்ளிக்கொண்டே இருக்கும், பிரேக் மிதித்தால் எஞ்சின் நிற்கும், அவ்வளவுதான் உங்கள் கையில்.

பிரிந்த பிறகு கொஞ்ச தூரம் சாதாரணமாக ஓட்டினால் முகத்துத் துரு தேய்ந்து போகும். முதலில் லேசாக உதறும். நூறு கிலோமீட்டருக்குப் பிறகும் உதறினால் உள்ளே பார்க்க வேண்டும்.

9. கியர் பாக்ஸை இறக்குவது

மேலே சொன்னதெல்லாம் முடிந்த பிறகும் ஸ்லிப் நிற்கவில்லை, பேரிங் சத்தம் இருக்கிறது, எண்ணெய் ஏறியிருக்கிறது, பிளேட் பிரியவே இல்லை. இதில் ஏதாவது ஒன்று இருந்தால் இறக்குங்கள். ஃபோர் வீல் வண்டியில் கியர் பாக்ஸும், முன் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் சேர்ந்து பெரிய கனம். கியர் பாக்ஸ் ஜாக்கி இல்லாமல், இரண்டு பேர் இல்லாமல் தொடாதீர்கள்.

பேட்டரி நெகட்டிவை எடுங்கள். இரண்டு பெட்டியிலும் ஆயிலை இறக்குங்கள். ஆயில் பால் நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, ப்ரீதர் டியூபை (பெட்டிக்குள் காற்று போய்வரும் குழாய்) பார்க்க வேண்டும். முன் பின் புரொப்பெல்லர் ஷாஃப்ட் இரண்டிலும் ஃபிளேஞ்சோடு சேர்த்துக் கோடு போட்டு அடையாளம் வைத்துக் கழற்றுங்கள், மாறிப் பூட்டினால் அதிர்வு வரும். ஸ்லேவ் சிலிண்டரைப் பைப்போடு கழற்றி ஓரமாகக் கட்டி வையுங்கள், பைப்பைத் திறந்தால் மறுபடி ஏர் எடுக்க வேண்டும். கழற்றியிருக்கும்போது யாரும் பெடலை மிதிக்கக் கூடாது, பிஸ்டன் வெளியே வந்துவிடும். எஞ்சின் பின்பக்கத்துக்குத் தனி முட்டு கொடுங்கள்.

பெட்டியைப் பின்னால் நேராக இழுங்கள். பாதி வந்த நிலையில் கனம் முழுதும் இன்புட் ஷாஃப்ட்டில் தொங்கினால் பிளேட்டின் நடுப்பகுதி (ஹப்) வளைந்துவிடும். புதுப் பிளேட் போட்டும் கியர் விழவில்லை என்று வரும் வண்டிகளில் இதுவும் ஒரு காரணம்.

10. உள்ளே பார்க்க வேண்டியவை

பிளேட்டில் ரிவெட் தலை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று வெர்னியரில் அளக்கவும். எல்லை மேனுவலில் இருக்கும். எண்ணெய் தெரிந்தால் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் புதுசு போடாதீர்கள். கறுத்த எஞ்சின் ஆயில் ஃப்ளைவீல் பக்கம் இருந்தால் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க சீல் போயிருக்கிறது. கந்தக வாடையடிக்கும் தடித்த ஆயில் கியர் பாக்ஸ் பக்கம் இருந்தால் இன்புட் ஷாஃப்ட் சீல்.

ஃப்ளைவீல் முகத்தில் நீலத் திட்டு, மயிரிழை வெடிப்பு, விரல்நகம் சிக்கும் கோடு இருக்கிறதா பாருங்கள். கோடு மட்டும் என்றால் லேத்தில் கடைசல் பிடிக்கலாம். டூயல் மாஸ் ஃப்ளைவீல் (நடுவில் ஸ்பிரிங் உள்ள இரட்டைச் சக்கரம்) உள்ள வண்டியில் கடைசல் வேண்டாம். வெடிப்பு இருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும், சுற்றும் வேகத்தில் உடைந்தால் உயிருக்கு ஆபத்து.

பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் விரல்கள் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ரிலீஸ் பேரிங்கைக் கையில் சுற்றுங்கள், நறநறத்தால் மாற்றுங்கள், பெட்ரோலில் கழுவ வேண்டாம், உள்ளே இருக்கும் கிரீஸ் போய்விடும். இன்புட் ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங்கை மறக்காதீர்கள். இன்புட் ஷாஃப்ட் ஸ்ப்ளைனில் (பிளேட் நகரும் பல் வரிகள்) உப்புத் துரு இருந்தால் பிளேட் வழுக்காமல் சிக்கும், கிளட்ச் விடாது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்தால் போதும்.

மாற்றுவதென்றால் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றும் சேர்த்து மாற்றுங்கள். ஒரே உழைப்பைப் பத்து மாதத்தில் இரண்டு முறை செய்வதில் அர்த்தமில்லை. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதுசு வாங்கலாம், பில் கேளுங்கள். புதுப்பேட்டையில் பழைய பாகம் பலதும் நல்லதாகக் கிடைக்கும், ஆனால் கிளட்ச் பாகம் மட்டும் பழசு வாங்க வேண்டாம். ஸ்பிரிங் தளர்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது.

11. திரும்பப் பூட்டுவது

ஃப்ளைவீல், புது பிரஷர் பிளேட் இரண்டின் முகத்தையும் பிரேக் கிளீனரால் துடையுங்கள். புதுசின் மேல் துருத் தடுப்பு எண்ணெய் இருக்கும். கிரீஸ் கையால் பிளேட்டைத் தொடாதீர்கள்.

பிளேட்டில் எந்தப் பக்கம் ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும் என்று பொறித்திருக்கும், படித்துவிட்டு வையுங்கள். அலைன்மென்ட் டூலால் நடுப்படுத்தி, போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்சில் முடியுங்கள். ஒரு பக்கமாக இறுக்கினால் கவர் கோணும்.

ஸ்ப்ளைனில் மேனுவல் சொல்லும் கிரீஸ், அதுவும் மெல்லிய பூச்சு. பிளேட்டைப் போட்டு எடுத்து, ஓரத்தில் பிதுங்கியதைத் துடைத்துவிடுங்கள். அதிகமானால் சுற்றும்போது தெறித்து பிளேட்டில் படும். ஃபோர்க்குக்குப் புது பூட் கட்டாயம்.

இனிமேல் தண்ணீரே போகக் கூடாது என்று பெல் ஹவுசிங்கைச் சுற்றி சிலிகான் பூசி, வடிகால் ஓட்டையையும் அடைக்கிறவர்கள் உண்டு. எப்படியும் தண்ணீர் புகும். வடிகாலை அடைத்தால் வெளியே வர வழியிருக்காது. தண்ணீரில் இறங்கும் நேரத்துக்கு மட்டும் பிளக் போடும் வசதி உங்கள் வண்டியில் இருந்தால், கரை ஏறியதும் கழற்றிவிடுங்கள்.

12. முதல் 500 கிலோமீட்டர்

சேறு, மணல், இழுவை எதுவும் வேண்டாம். நகரத்துக்குள் மென்மையாக ஓட்டுங்கள், புது முகங்கள் ஒன்றோடொன்று படிய வேண்டும். முதல் நாளிலேயே கயிறு கட்டி இன்னொரு வண்டியை இழுத்து, புதுப் பிளேட்டைக் கண்ணாடி மாதிரி ஆக்கினவர் உண்டு.

அடுத்த முறை சேற்றில் இறங்கும்போது இறங்கும் முன்பே ஃபோர் லோ (நான்கு சக்கர இழுவை, குறைந்த வேக கியர்) போடுங்கள். மாட்டிக்கொண்ட பிறகு அரை கிளட்சில் உறுமினால் பிளேட்தான் எரியும். டயர் காற்றைக் குறைத்தாலே பாதி சேற்றைக் கடந்துவிடலாம், தார்ச் சாலை ஏறியதும் மறுபடி நிரப்பிக்கொள்ளுங்கள். பழவேற்காட்டுச் சரணாலயப் பகுதிக்குள் வண்டியை இறக்காதீர்கள், பறவைகளின் இடம் அது.

ஒரு வாரம் கழித்து ஃப்ரீ பிளே, ஆயில் அளவு, ஃபோர்க் பூட் மூன்றையும் மறுபடி பாருங்கள். கேபிள் வண்டியில் நிச்சயம் ஒரு அட்ஜஸ்ட்மென்ட் தேவைப்படும். வடிகால் ஓட்டையில் கம்பியை விட்டுப் பாருங்கள், நுனி ஈரமில்லாமல் வர வேண்டும்.